ஆறுதல் சொல்லத் தெரியாதவர்

நம் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை "ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறோம் என்பதை, அந்த மேடத்தைப் பார்க்கும் வரைக்கும் நான் கவனித்ததே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சலா, ஒண்ணும் ஆகாது. மோட்டார் வயர் விட்டுப் போயிருக்கிறதா, டேப்பைச் சுற்றிவிட்டால் ஒண்ணும் ஆகாது. ஒரே பைக்கில் மூன்று பேர், மடியில் ஒரு பலாப்பழம், ஆலங்குடி வரைக்கும்தானே, ஒண்ணும் ஆகாது. இப்படிச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த கூட்டத்திலிருந்து கிளம்பி, அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல வாயே வராத ஒரு மனுஷியிடம் நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆரம்பத்தில் அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கறம்பக்குடி ரோட்டிலிருந்து பிரிந்து செம்மண் பாதையில் கொஞ்ச தூரம் உள்ளே போனால், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் எங்கள் பிளாண்ட். ஏக்கர் கணக்கில் சோலார் தகடுகள். அதில் வரும் கரண்டைத் தண்ணீருக்குள் விட்டால் தண்ணீர் இரண்டாகப் பிரியும். ஆக்சிஜன் ஒரு குழாய் வழியாக வானத்துக்குப் போய்விடும். ஹைட்ரஜனைப் பிடித்து, அழுத்தி, சிலிண்டரில் அடைத்து லாரியில் ஏற்றுவோம். எரிபொருள்தான், ஆனால் எரித்தால் புகை கிடையாது, கரி கிடையாது, மிஞ்சுவது மறுபடியும் தண்ணீர். வெயில் அடித்தால் வேலை ஓடும். மேகம் மறைத்தால் மிஷினின் சத்தம் இறங்கும். பொழுது சாய்ந்தால் எல்லாம் அடங்கிவிடும். சுற்றுப்பட்டு ஜனங்கள் எங்களைத் தண்ணி பிரிக்கிற கம்பெனி என்பார்கள்.

நான் குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, போதும்டா சாமி என்று ஊர் திரும்பியவன். கரண்ட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஹைட்ரஜன்தான் புதுசு. சேர்ந்த அன்று ஷிஃப்ட் இன்சார்ஜைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். நாற்பது வயதுக்காரர், கெமிஸ்ட்ரி படித்தவர், ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பருத்திச் சுடிதாருக்கு மேல் கம்பெனிக் கோட்டு, காலில் கனத்த ஷூ. எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"மேடம், இது வெடிச்சுக் கிடிச்சுப் போயிராதுல்ல?" என்று சும்மா சிரித்துக்கொண்டே கேட்டேன். பதிலுக்கு அவரும் சிரித்துவிட்டு, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி என்பார் என்றுதான் எதிர்பார்ப்பு.

"வெடிக்கும்" என்றார்.

நான் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"வெடிக்காமப் பாத்துக்கத்தான் நம்மள வேலைக்கு வச்சிருக்காங்க. செல்போனை லாக்கர்ல வச்சுட்டு வாங்க தம்பி. சட்டை நைலான் மாதிரி தெரியுது. நாளையில இருந்து பருத்தி போட்டுட்டு வாங்க."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னதும், "நல்ல வாயி" என்றாள். அவள் பாராட்டிச் சொல்லவில்லை.

ஹைட்ரஜனில் ஒரு சங்கடம் உண்டு. அது தீப்பற்றினால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. ஏதோ ஒரு இணைப்பில் கசிந்து எரிந்துகொண்டிருக்கும். நாம் பாட்டுக்கு அதற்குள் நடந்து போய்விடுவோம். கண்டுபிடிக்கக் கருவிகள் இருந்தன. சத்தம் போடும், சிவப்பு விளக்கு எரியும். மேடம் அதையும் இடுப்பில் மாட்டிக்கொள்வார்; அது போதாதென்று ஒரு தென்னை விளக்குமாற்றையும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் காலையில் குழாய்ப் பாதையில் நடப்பார். எங்கேயாவது நெருப்பு இருந்தால் ஈர்க்கு பற்றிக்கொள்ளும், ஆள் நின்றுவிடலாம். இந்த வேலையில் பழைய ஆட்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

விஷயம் சரிதான். ஆனால் நம் ஊரில் காலங்காத்தாலே ஒரு பொம்பளை எதிரே விளக்குமாற்றை நீட்டிக்கொண்டு வந்தால் எவன் பொறுப்பான்? லாரி டிரைவர் ஒருவர் வண்டியை விட்டு இறங்கியே வந்துவிட்டார்.

"மொத லோடு ஏத்த வந்திருக்கேன், வெளக்கமாத்தோட எதுக்க வாரீங்களே மேடம், உருப்படுமா?"

"உருப்படுமா படாதான்னு எனக்குத் தெரியாதுங்க. இங்கிட்டு நெருப்பு இல்ல, அது தெரியும். வண்டிய ரிவர்ஸ் எடுங்க."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். ஒரு மாதம் போன பிறகு பார்க்கிறேன், அதே ஆள் கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, "மேடம் வெளக்கமாத்தோட ஒரு ரவுண்டு போயிட்டாங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்ட வேண்டும் என்று ஆட்கள் தயாராகிவிட்டார்கள். மேனேஜர் திருச்சிக்காரர், நல்ல மனிதர், யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். "சாமி காரியம் மேடம். ஒரே ஒரு கற்பூரம். ஒண்ணும் ஆகாது" என்றார். மேடம் வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. "சாமிய வெளிய கூட்டிட்டு வந்துருவோம் சார்" என்றார். சாமி படம், பூசணிக்காய், பொரி, எல்லாம் கேட்டுக்கு அங்கிட்டு ரோட்டோரம் போயின. கூடவே ஒரு மிஷினின் போட்டோவை வைத்து அதற்குச் சூடம் காட்டினோம். உள்ளே திரும்பி வந்தபோது எவனோ விளக்குமாற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தான். மேடம் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பொரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இவரைப் போய் நான் ஏன் வீட்டுக்குக் கூப்பிட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். வளைகாப்புக்கு ஆபீஸில் எல்லாரையும் சொன்னேன், மேடமும் வந்தார். வளையல் போட்டுவிட்டு அவள் காலைப் பார்த்தார். "கால் வீங்கியிருக்கு. பிரஷர் இருந்தாலும் இருக்கும். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். சபையில், அத்தனை பெண்கள் நடுவில். என் மாமியார் முகம் கறுத்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா இது என்ன பேச்சு? மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும், ஒண்ணும் ஆகாது" என்றார். மேடம், "போய்ப் பாத்துட்டா நல்லதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து ஐந்து வகைச் சோற்றையும் நிதானமாகச் சாப்பிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, உப்பைக் குறைத்தால் போதும் என்றார். மாமியார் அதை ஊர் முழுக்கச் சொல்லி, அந்தம்மாவுக்குக் கருநாக்கு என்றும் பட்டம் கட்டிவிட்டார். மறுநாள் மேடத்திடம், "நீங்க சொன்னது தப்பு மேடம். ஒண்ணுமில்லையாம்" என்று கொஞ்சம் குத்தலாகவே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா, நல்லதாப் போச்சு" என்றார். தோற்றுப்போனவர் முகம் மாதிரியே இல்லை.

நானும் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது பெரும்பாலும் நடக்காது. அந்த விளக்குமாறு ஒரு தடவைகூடப் பற்றிக்கொண்டதில்லை. ஏதாவது ஆகும் ஆகும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவர் எப்போதும் தப்பாகத்தான் தெரிவார். ஒண்ணும் ஆகாது என்று சொல்கிறவன் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருப்பான், ஜெயிக்காத அந்த ஒரு நாள் வரைக்கும். இது புரிந்த பிறகு எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. பிரியம் என்று சொன்னால் அவரே மறுப்பார், ஆனாலும் பிரியம்தான்.

பக்கத்து ஊரில் ஒரு கூட்டம் போட்டபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் போர்வெல்லால் தங்கள் கிணறு போய்விடுமோ என்று ஜனங்களுக்குப் பயம். மேனேஜர் மைக்கில் அரைமணி நேரம் தைரியம் சொன்னார். எவர் முகமும் தெளியவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா மேடத்தைப் பார்த்து, "நீ சொல்லு தாயி. எங்க கெணறு வத்தாதுல்ல?" என்றார். "கோடையில எறங்கலாம்மா" என்றார் மேடம். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். "நான் வாரா வாரம் வந்து ஆழம் பாக்குறேன். எறங்குனா நாங்க எடுக்குறதக் கொறைக்கணும். கொறைக்கலைன்னா நீங்க வந்து கேட்டை மறிங்க." கூட்டம் சலசலத்தது. எனக்கு ஆச்சரியம், அதற்கப்புறம் யாரும் சண்டை போடவில்லை. சனிக்கிழமை ஆனால் மேடம் அந்தக் கிணற்றடியில் நாடாவைத் தொங்கவிட்டு அளந்துகொண்டிருப்பார். மழை வருஷமாகப் போனதால் கிணறு இறங்கவும் இல்லை.

இனி சூசை அண்ணன்.

தண்ணீரைச் சுத்தம் செய்யும் பகுதி அவர் கையில் இருந்தது. எங்கள் மிஷினுக்குச் சாதாரணத் தண்ணீர் ஆகாது. போர்த் தண்ணீரை வடிகட்டி, பிசின் மணிகள் நிரம்பிய தூண்களுக்குள் விட்டு, அதில் கரைந்திருக்கும் உப்பையெல்லாம் உருவிவிட்டு ஒரு பெரிய டேங்கில் நிரப்ப வேண்டும். மிஷினுக்குள் காகிதம் போல ஒரு மெல்லிய ஜவ்வு இருக்கிறது. உப்பு போனால் அது கெட்டுவிடும். சூசை அண்ணன் அந்த வேலையைப் பிள்ளை வளர்ப்பது மாதிரி செய்தார். "எந் தண்ணியில லென்ஸ் வச்சுத் தேடுனாலும் ஒரு பொட்டு உப்பு கெடைக்காது தம்பி" என்பார். சவூதியில் பல வருஷம் கிடந்து முட்டியைக் கெடுத்துக்கொண்டு திரும்பியவர். ஐம்பது தாண்டிவிட்டது, இனி எந்த நாட்டுக்கும் விசா கிடைக்காது. ஒரே மகள் திருச்சியில் நர்சிங் கடைசி வருஷம். இந்த வேலை போனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. அதை அவரே வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லுவார்.

அவரும் மேடம் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பக்தி அதிகம். கோயிலில் ஃபாதர் மந்திரித்துக் கொடுக்கும் தீர்த்தத்தை ஒரு பாட்டிலில் எப்போதும் வைத்திருப்பார். சொந்தத்தில் யார் புதுக் கிணறு வெட்டினாலும் அவர்தான் போய் ஊற்றுவார். போர் போட்டால் குழாய்க்குள் கொஞ்சம், மோட்டார் மாட்டினால் அதன் தலையில் கொஞ்சம். அவர் ஊற்றிய கிணறு எதுவும் பொய்த்ததில்லை என்று அவர்கள் பக்கத்தில் ஒரு பேச்சும் உண்டு.

ஓர் உரக் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஹைட்ரஜன் முழுவதையும் வாங்கிக்கொள்ள யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு நாள் வந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பிளாண்ட் நிற்காமல் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். தலைமை அலுவலகத்திலிருந்தும் பெரியவர்கள் வந்தார்கள். வாழைமரம் கட்டி, பந்தல் போட்டு, ஒரே அமர்க்களம். அதற்கு முந்தின வாரங்களில் மிஷின் அடிக்கடி நின்றிருந்தது. நின்றபோதெல்லாம் பழி தண்ணீர் மேல்தான் விழுந்தது. சூசை அண்ணன் சாப்பாடு இறங்காமல் அலைந்துகொண்டிருந்தார்.

அன்று காலை வெயில் நன்றாக அடித்தது. மிஷின் ஓடத் தொடங்கியது, வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ட்ரோல் ரூமில் நானும் மேடமும் இருந்தோம். தண்ணீரின் சுத்தத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. அது எப்போதும் அடியிலேயே கிடக்கும். மேடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் மேலே வந்திருந்தது. கொஞ்சம்தான், அலாரம் அடிக்கிற அளவுக்கு இல்லை.

"லிமிட்டுக்குள்ளதானே இருக்கு மேடம்" என்றேன்.

அவர் டேங்க் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். டேங்க்கின் மூடிக்குப் பக்கத்தில் சூசை அண்ணன் கைகூப்பி நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். காலடியில் அந்தப் பாட்டில், காலி. மேடம் குனிந்து எடுத்துப் பார்த்தார். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"சூசைண்ணே, முழுசும் ஊத்திட்டீங்களா?"

"ஆமா மேடம். இன்னிக்கு மட்டும் நிக்காம ஓடிறட்டும்னு" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இதுல உப்புப் போட்டுத்தாண்ணே மந்திரிப்பாங்க. எங்க வீட்டுலயும் இருக்கு இந்தப் பாட்டிலு."

சூசை அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. வருஷக்கணக்காகத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்த மனுஷன், நிஜமாகவே குழம்பிப்போய்ச் சொன்னார்: "அது உப்பு இல்ல மேடம். மந்திரிச்சது."

"மந்திரிச்சாலும் உப்புதாண்ணே" என்றார் மேடம். குரலில் கேலியே இல்லை. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அப்புறம்தான் சூசை அண்ணனுக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் கோட்டுப் பைக்குள் பாட்டிலைப் போட்டுக்கொண்டு, "நிறுத்தணும் தம்பி" என்று என்னிடம் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பந்தலுக்குள் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மேடம், இன்னிக்கு ஒரு நாள் ஓடட்டுமே. அலாரம்கூட அடிக்கல. ஒண்ணும் ஆகாது."

"இன்னிக்கு ஓடும். அவங்க பாத்து, கைதட்டி, வாங்கிக்கிறோம்னு சொல்லிட்டுப் போவாங்க. உப்பு ஜவ்வுல போய் ஒக்காந்திருக்கும். அப்புறம் ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சமாச் செத்துக்கிட்டே வரும், ஏன்னு ஒருத்தருக்கும் தெரியாது. டேங்கைக் காலி பண்ணிக் கழுவி, புதுத் தண்ணி நெரப்பணும். இன்னிக்குப் பொழுது போயிரும்."

அவர் திரும்பியபோது சூசை அண்ணன் அவருடைய கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்... எம் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கவே முடியவில்லை. சொல்லித் தொலையுங்களேன், உலகத்தில் எல்லாரும் சொல்கிற இரண்டு வார்த்தைதானே என்று மனசுக்குள் கத்தினேன்.

"தெரியலண்ணே" என்றார் மேடம்.

போய் மிஷினை நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் நடந்தது எதையும் விஸ்தாரமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. டேங்குத் தண்ணீர் முந்திரித் தோப்புப் பக்கம் ஓடியது. வந்தவர்கள் மதியம் வரை பொறுத்துப் பார்த்தார்கள். வாழை இலையில் விருந்து சாப்பிட்டுவிட்டு, ஓடாத மிஷினுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தலைமை அலுவலகத்துப் பெரியவர் மேனேஜர் அறையில் மேடத்தைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஏசி வேலை செய்யாததால் கதவு திறந்திருந்தது. நாங்கள் நாலைந்து பேர் வெளியே நின்றோம், சூசை அண்ணனும் நின்றார்.

"டேங்க்ல உப்பு எப்படி வந்தது?"

"ஒருத்தர் உப்புன்னு தெரியாம ஊத்திட்டார் சார்."

"யாரு?"

"சொல்ல மாட்டேன் சார்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

மேனேஜர் குறுக்கே வந்தார். பாவம், அவர் உதவி செய்யத்தான் பார்த்தார். "தெரியலன்னு சொல்லிடுங்க மேடம், முடிஞ்சு போச்சு" என்றார் தாழ்ந்த குரலில்.

"தெரியும் சார், எப்படித் தெரியலன்னு சொல்றது? என் ஷிஃப்ட்ல நடந்திருக்கு. டேங்க் மூடிக்குப் பூட்டுப் போடணும்னு எனக்குத் தோணியிருக்கணும், தோணல. என் பேரப் போட்டுக்குங்க."

ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். ஆளைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் போங்கள் என்பதுதான் முடிவு. சூசை அண்ணன் கெட்ட மனுஷன் இல்லை. மறுநாளே மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளக் கிளம்பிவிட்டார். மேடம் வழியில் மறித்தார்.

"நீங்க போய்ச் சொன்னா ஒங்கள அனுப்பிருவாங்க. நான் மறைச்சது மறைச்சதுதான், என்னையும் விட மாட்டாங்க. ரெண்டு பேர் எதுக்குப் போகணும்? ஒங்க மக படிப்பு முடியட்டும். எனக்கு இன்னொரு வேலை கெடைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "கெடைக்கலாம்" என்று திருத்திக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் சூசை அண்ணனைத் தேற்றினோம். மேடத்துக்கு ஒங்க மேல கோவமே இல்லண்ணே என்றான் ஒருத்தன். அவங்க பெரிய மனசுக்காரங்க, இதையெல்லாம் மனசுல வச்சுக்க மாட்டாங்க என்றேன் நான். மேனேஜரும், என்ன ஏது என்று கேட்காமலே முதுகில் தட்டி, எல்லாம் நன்மைக்கே என்றார். சூசை அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். டிபன் பாக்ஸைத் திறப்பார், அப்படியே மூடுவார். தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற வேலை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

மேடம் கிளம்பிய அன்று சாயங்காலம் நானும் சூசை அண்ணனும் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். மேடம் ஒரு சூட்கேசோடும் இரண்டு பைகளோடும் புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இண்டர்வியூ இருப்பதாகச் சொன்னார். கிடைக்குமா மேடம் என்று கேட்கவந்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். சூசை அண்ணன் சூட்கேசைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார், மறுபடி தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். பஸ் வந்து நின்று, பைகளை ஏற்றி, மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு வாய் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்... எம்மேல கோவம் ஒண்ணும் இல்லையே?"

மேடம் அவரைப் பார்த்தார். எனக்குள் ஒரே வேண்டுதல்தான். இன்றைக்கு ஒரு நாளாவது, இந்த மனுஷனுக்காகவாவது, இல்லை என்று சொல்லிவிடுங்கள் மேடம்.

"இருக்குண்ணே" என்றார்.

சூசை அண்ணன் கம்பியை விடவில்லை.

"இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்யாணம் காட்சின்னுகூடப் பாக்காம இதுலயே கெடந்தேன். இப்பப் போயிருச்சு. கோவம் எப்படிண்ணே இல்லாம இருக்கும்? இருக்கு." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, துடைத்துக்கொள்ளவில்லை. "ஆனா போயிரும். கொஞ்ச நாளாகும். போயிரும்."

கண்டக்டர் விசில் அடித்தார். மேடம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கம்பியைப் பிடித்திருந்த சூசை அண்ணன் விரல்களின் மேல் ஒரு நிமிஷம் வைத்தார். பஸ் நகர்ந்தது.

அது பெட்ரோல் பங்க்கைத் தாண்டிப் போகும் வரைக்கும் சூசை அண்ணன் அங்கேயே நின்றார். மனுஷன் உடைந்துவிடுவார், எப்படி வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, போயிரும்னு சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்கண்ணே."

"ரெண்டு தடவை சொன்னாங்க."

"ஆமாண்ணே."

அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப போயிரும்" என்றார். பிறகு எதிரே இருந்த ஹோட்டலைப் பார்த்து, ஒரு வாரமாக எங்களில் யாராலும் அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியாத வார்த்தையைச் சொன்னார்: "பசிக்குது தம்பி. வாங்க, ரெண்டு புரோட்டா சாப்புடுவோம்."